பெயின்ட் கடைசியில்தான்: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிப்பாக வேலை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அந்தக் காலத்துக் காரை வாங்கியிருக்கிறேன் என்று யாராவது போன் செய்தால் பேச்சு இன்ஜினில்தான் தொடங்கும். ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்சம் புகைகிறது, கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் பண்ணணும் என்பார்கள். அடுத்தது என்ன கலர் அடிக்கலாம் என்ற யோசனை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: முன் சக்கரத்தைத் தாங்கும் அடி மூட்டான ட்ரனியனுக்கு என்ன அடித்திருக்கிறார்கள், கிரீஸா, ஆயிலா? பாதிப் பேருக்கு அப்படி ஒரு பாகம் இருப்பதே தெரியாது.

இன்ஜின் கெட்டால் வண்டி ரோட்டோரம் நின்றுவிடும். நாலு பேர் தள்ளினால் வீடு வந்து சேரலாம். ட்ரனியன் உடைந்தால் முன் சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் போய்விடும், ஸ்டியரிங் கையில் வெறும் வளையமாக இருக்கும். அதனால்தான் என் வண்டியில் வேலையைக் கீழிருந்து மேலே கொண்டு போனேன். முதலில் சஸ்பென்ஷன், பிறகு பிரேக், அதற்கப்புறம் இன்ஜின். டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் கடைசி. வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களுக்கு அழுக்குப் பச்சை நிறத்தில் ஒரு வண்டி கட்டைமேல் நிற்பதுதான் தெரியும். எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என்னுடையது 1966 மாடல், இரண்டு கதவு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் வருஷக்கணக்காக நின்றிருந்தது. ஒரு வகையில் சொந்த ஊரிலேயே கிடந்தது என்று சொல்லலாம். இந்த வண்டிகள் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் பிறந்தவை. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, இங்கே 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. உருவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலொட்டி. 948 சிசி இன்ஜின்.

இந்தக் காரில் கை வைக்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதன் கட்டுமானத்தை. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் பாடியும் சேசிஸும் (அடிச்சட்டம்) ஒன்றாகச் சேர்ந்த கூடு போன்ற அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்குப் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழுக் கூட்டை அழுத்தித் தர ஆளில்லாமல் போனதால், தனியாக ஒரு சேசிஸ் செய்து, துண்டு துண்டான பாடியை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள். வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவு அறுபது வருஷம் கழித்து நமக்கு வரமாக வந்திருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமே திறந்துகொள்ளும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடி சஸ்பென்ஷன் முழுவதையும் கண்ணால் பார்க்கலாம். அம்பாசடரில் இதே வேலைக்குக் கீழே படுத்து உருள வேண்டும்.

சாமானைக் கழற்றுவதற்கு முன் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியால் நீளமாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், துரு தின்ற இடம் சொத்தென்று கேட்கும். நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும். முன் சஸ்பென்ஷன் பிராக்கெட் உட்காரும் இடமும், பின்னால் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்ப் பெட்டி) தொங்கும் இடமும் திடமாக இருந்தால் மேற்கொண்டு போகலாம். அங்கே ஓட்டை என்றால் புது புஷ்ஷும் புது ஷாக் அப்சார்பரும் வாங்கி என்ன பயன்? வெல்டிங் வேலை முதலில்.

அடுத்தது ஸ்பானர். இந்த வண்டியின் போல்ட்டுகள் யு.என்.எஃப். என்ற அங்குல மரை, தலையும் அங்குலக் கணக்கு. இப்போது கடையில் கிடைக்கும் செட் எல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குல போல்ட்டுக்கு 13 மி.மீ. ஸ்பானர் எப்படியோ உட்கார்ந்துவிடும். அதை நம்பி 9/16 அங்குலத் தலைக்கு 15 மி.மீ. ஸ்பானரைப் போட்டால் அறுபது வருஷத் துரு இறுக்கத்தில் முனை மழுங்கிவிடும். மழுங்கிய போல்ட்டை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பழைய இங்கிலாந்து ஸ்பானர்கள் எடைக்கே கிடைக்கும், தேய்மானம் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். கழற்றிய நட்டு, வாசர், சிம் எல்லாவற்றையும் இடம் எழுதிய தனித்தனி கவரில் போடுங்கள். சிம்களை முக்கியமாக. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தகடுகள்தான் சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்ற கணக்கு தொலைந்தால் அலைன்மென்ட் கடையில் அரை நாள் போகும்.

இனி ட்ரனியன். முன் சக்கரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் எஃகுத் துண்டுக்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். மேலே ஒரு பால் ஜாயிண்ட். கீழே பால் ஜாயிண்ட் கிடையாது. லிங்க்கின் அடி முனையில் மரை வெட்டியிருக்கும், அது பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு வெண்கல வார்ப்புக்குள் திருகி இறங்கியிருக்கும். அந்த வார்ப்புதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க் அந்த மரைக்குள் சுழல்கிறது. காரின் முன்பாரம், குழியில் விழும் அடி, பிரேக் பிடிக்கும்போது வரும் இழுப்பு எல்லாம் இந்த மரை வழியாகத்தான் போகிறது. எண்ணெய் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. லோட்டஸ் செவன் பந்தயக் காரிலேயே ட்ரையம்ஃபின் இந்த அமைப்பை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால் வடிவமைப்பில் குறையில்லை என்றுதானே அர்த்தம்?

குறை பராமரிப்பில். கம்பெனி சொன்னது கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் (டிஃபரன்ஷியல்) ஊற்றும் இ.பி. 90 ஆயில். ட்ரனியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, ஆயில் நிரப்பிய கன்னால் மேலே கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிளைப் பார்த்தவுடன் கை தானாகக் கிரீஸ் கன்னுக்குப் போகும். கிரீஸ் புதிதாக இருக்கும்போது சரி. வருஷம் போகப் போக அது இறுகி, மெழுகு மாதிரி மரையின் அடியை அடைத்துக்கொள்ளும். அதற்குப்பின் ஆயில் அடித்தாலும் உள்ளே போகாது. மேல் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் அந்த வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். எஃகு மரையில் துருக்குழி விழும். அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை ரோட்டில் முழங்கால் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு இது நடந்திருக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

என் வண்டியின் ட்ரனியனைக் கழற்றியபோது உள்ளே இருந்தது கறுப்பாகக் காய்ந்த கிரீஸ், விரல் நகத்தால் சுரண்டி எடுக்கும் பதத்தில். இடது பக்க மரை முழுக்கத் துரு. எனக்கு உதவிய மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர், ஹெரால்டு புது வண்டியாக ஓடிய காலத்திலேயே கை வைத்தவர். அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை அப்படியே திண்டிவனம் வரைக்கும் ஓட்டிருந்தா நீ திரும்பி வந்திருக்க மாட்டே" என்றார்.

விரிசல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. டை பெனட்ரன்ட் என்று மூன்று ஸ்பிரே டப்பாக்கள் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். லிங்க்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, நன்றாகக் காயவிட்டு, முதலில் சிவப்பு மருந்தை அடிக்க வேண்டும். சற்று நேரம் விட்டுத் துடைத்துவிட்டு வெள்ளை மருந்தை அடித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சிவப்பு மெல்லிய கோடாக வெளியே வரும். எனக்கு வலது லிங்க் சுத்தமாக வந்தது. இடது லிங்க்கில் கடைசி மரைக்குச் சற்று மேலே ஒரு முடி அளவுக்குக் கோடு. வெல்டிங் வைத்துத் தரவா என்று ஒரு பட்டறையில் கேட்டார்கள். இந்தப் பாகத்தில் வெல்டிங் கூடவே கூடாது. கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டிக் கழற்றுவதும் கூடாது. சூட்டில் எஃகின் பதம் மாறிவிடும். அந்த லிங்க்கை ஹாக்ஸா வைத்து இரண்டாக அறுத்த பிறகே பழைய இரும்புக்குப் போட்டேன். முழுசாகப் போட்டால் புதுப்பேட்டையில் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்துவிடும் என்ற பயம்தான்.

மாற்று லிங்க்குக்கும் அதே புதுப்பேட்டைதான் போனேன். ஹெரால்டு சாமான் இப்போது கடை அலமாரியில் இருக்காது, ஆள் வழியாகத்தான் தேட வேண்டும். "பாய், ஹெரால்டு முன் லிங்க் இருக்குமா?" என்று கேட்டால், அவர் ஒரு போன் போடுவார், பையன் ஒருவன் எங்கிருந்தோ சாக்கில் கொண்டுவருவான். கொண்டுவந்ததை அங்கேயே துடைத்து மரையைப் பாருங்கள். டை பெனட்ரன்ட் சோதனைக்குப் பிறகே பாக்கிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். நியாயமான வியாபாரிகள் ஒப்புக்கொள்வார்கள். புது ட்ரனியன்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள், இதே அமைப்பில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் புண்ணியம். ஆனால் மாடலுக்கு மாடல் சின்னச் சின்ன வேறுபாடு இருப்பதால் பழைய லிங்க்கை வெர்னியரில் அளந்து வைத்துக்கொண்டு ஆர்டர் பண்ணுவது நல்லது. லேத்தில் கடைந்துகொள்ளலாமே என்றால், கடையலாம்; பித்தளை ராடில் வேண்டாம், பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலமாவது போட வேண்டும். இடது பக்கம் இடது மரை (எதிர்த் திசையில் திருகுவது) என்பதையும் லேத்துக்காரரிடம் சாம்பிளைக் கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். இடது வலது மாற்றிப் போட முடியாது.

பூட்டும்போது ட்ரனியனை அடிவரை திருகி, பிறகு பின்னோக்கிச் சற்றுத் தளர்த்தி, கீழ் ஆர்மின் துளைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்றுக்குமேல் தளர்த்தத் தேவையில்லை. ஒரேயடியாக அடியில் முட்டவிட்டால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மரை பிடிக்கும். பூட்டியபின் சக்கரம் மாட்டாமலே இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், எங்கேயும் தடங்கல் இருக்கக் கூடாது.

ட்ரனியனின் குறுக்குத் துளையில் நைலான் புஷ் வரும். இதை உள்ளூர் லேத்தில் நைலான் ராடிலிருந்து கடைந்து தருவார்கள், விலையும் குறைவு. ஒரு சங்கதி: நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஏப்ரல் வெயிலில் கச்சிதமாகக் கடைந்த புஷ் நவம்பரில் உள்ளே போகும் குழாயான ஸ்லீவைக் கவ்விப் பிடிக்கும். நான் டெல்ரின் என்ற வேறு வகை பிளாஸ்டிக் ராட் வாங்கிக் கொடுத்தேன். அது ஈரத்தை அதிகம் இழுக்காது, கடைவதும் எளிது. ஸ்லீவ் புஷ்ஷுக்குள் விரலால் தள்ளினால் நகர வேண்டும், ஆனால் ஆட்டம் தெரியக் கூடாது.

கீழ் ஆர்ம், மேல் ஆர்ம் ரப்பர் புஷ்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொண்ணூறு சதவீதம் பட்டறைகளில் இதைத் தப்பாகத்தான் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு. இந்த புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு குழாய், நடுவில் ஒட்டிய ரப்பர். உள் குழாய் போல்ட்டோடு இறுகி அசையாமல் இருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியவுடன் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். மூக்குப் பக்கம் தூக்கினாற்போல் தெரியும், ஆறே மாதத்தில் ரப்பர் கிழியும். "இப்ப வர்ற ரப்பர் சரியில்ல சார்" என்று பழி கடைக்காரர்மேல் விழும். போல்ட்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னால் இரண்டு முறை அமுக்கி விட்டு, அந்த நிலையில்தான் கடைசி இறுக்கு. பானெட் முழுசாகத் திறப்பதால் ஹெரால்டில் இதற்குக் குழியோ ராம்ப்போ வேண்டாம்.

முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்குள் ஒன்றாக, சேர்ந்தே வெளியே வரும். மேல் நட்டைக் கழற்றினால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் பாயும். கயிறு கட்டிக் கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாடகைக்கே கிடைக்கிறது. இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். டிரைவர் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கிக் குட்டையாகியிருப்பது வழக்கம்.

பின்பக்கம் வேறு கதை. ஹெரால்டில் பின் ஆக்சில் ஒரே தண்டாக இல்லை. டிஃபரன்ஷியல் சேசிஸோடு இறுகி நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிராஸ் ஜாயிண்ட், அங்கிருந்து சக்கரம்வரை ஊஞ்சல் மாதிரி ஆடும் அரை ஆக்சில். டிஃபரன்ஷியலுக்கு மேலே குறுக்காக ஒரே ஒரு பிளேட் ஸ்பிரிங் இரண்டு சக்கரத்தையும் தாங்குகிறது. குழி மேட்டில் சொகுசு. ஆனால் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரத்தின் அடி உள்நோக்கி மடியும். வளைவில் வேகமாகப் போய்ப் பாதியில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்புறம் எம்பும், வெளிச் சக்கரம் மடங்கும், வண்டி பிடியை விடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நான் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, வளைவுக்குள் காலை லேசாக அழுத்தியபடியே வருவேன். பின்னால் வந்த கெஸல் மாடலில் கம்பெனியே இந்த அமைப்பைத் தூக்கிவிட்டு முழு ஆக்சில் போட்டது.

இது தெரியாமல் பட்டைக் கட்டு வேலை (பிளேட் ஸ்பிரிங் ரிப்பேர்) செய்பவரிடம் போனால் ஆபத்து. அவர்கள் கை பழகியது லாரியிலும் அம்பாசடரிலும். பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்றால் அவர்கள் வைத்தியம் ஒன்றுதான்: "ஒரு பிளேட்டு கூடப் போட்டுடலாம் சார், கல்லு மாதிரி நிக்கும்." அம்பாசடருக்கு அது சரியாக இருக்கலாம். ஹெரால்டுக்கு ஒரு பிளேட் கூடினால் பின்பக்கம் தூக்கி, நிற்கும்போதே சக்கரம் உள்ளே மடிந்த நிலைக்கு வந்துவிடும். என் ஸ்பிரிங்கைப் பிரித்து, உடைந்த பிளேட் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பழைய வளைவுக்குத் தட்டி, பதம் கொடுத்து, அதே எண்ணிக்கையில்தான் திரும்பக் கட்டினோம். இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்த நிலையில் பின் சக்கரங்கள் செங்குத்தாகவோ, மேல்பக்கம் இம்மியளவு உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும். அதைத் தாண்டி உயரம் கேட்காதீர்கள்.

பின்பக்கம் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சக்கரம் தொங்கும் நிலையில் அதைக் கீழே போகவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்சார்பர். அதன் கீழ் போல்ட்டை உருவினால் ஸ்பிரிங் முழு விசையோடு சக்கரத்தைக் கீழே தள்ளும். முதலில் பின் சக்கரத்தைத் தாங்கும் லிங்க்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முட்டு வையுங்கள், போல்ட்டை உருவுங்கள், பிறகு ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். வண்டி நிற்பது கண்டிப்பாக ஸ்டாண்டின்மேல் இருக்க வேண்டும், செங்கல்மேல் இல்லை.

சக்கரம் மாட்டும் பின் ஹப்புகள் ஆக்சிலின் கூம்பு முனையில் சாவியோடு இறுகியிருக்கும். சம்மட்டியால் அடித்தால் விளிம்பு வளைந்து, அப்புறம் அந்தச் சக்கரம் ஆடிக்கொண்டே ஓடும். ஹப் போல்ட்டுகளில் மாட்டி நடுவில் திருகும் கனத்த புல்லர் ஒன்றை லேத்தில் செய்துகொண்டோம். புல்லரை இறுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனபோதுதான் டமார் என்று சத்தம் கேட்டது, ஹப் தானாகவே வந்துவிட்டது. கிராஸ்களில் ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள். கப்பின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்துகொண்டு சென்னையில் கார் சாமான் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு போனால், வேறு ஏதாவது வண்டிக்கு வந்தது பொருந்தும்.

பிரேக்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கஞ்சத்தனம் பண்ணக் கூடாத இடம். நாலு பக்கமும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சர்க்யூட். எங்கே ஒரு கசிவு வந்தாலும் நாலு பிரேக்கும் ஒரே சமயத்தில் போகும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். ஆகவே ஹேண்ட் பிரேக் கேபிளையும் அதே கவனத்தோடு சரிபண்ணுங்கள். குழி விழுந்த வீல் சிலிண்டர்களைத் துளையிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டோம். ரப்பர் கப்புகளை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது, ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். இரும்பு பைப் எல்லாம் புதிது, ஹோஸ் எல்லாம் புதிது. பழையதில் வெளியே நன்றாகத் தெரிந்த ஒரு ஹோஸை அறுத்துப் பார்த்தால் உள்ளே வழி ஊசித்துளையாக ஊதியிருந்தது.

இன்ஜினுக்கு வந்தால், பிஸ்டன் ரிங், வால்வு என்று எல்லாருக்கும் தெரிந்த வேலைகளை விடுகிறேன். இந்த இன்ஜினுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க, பின் மெயின் பேரிங்கில் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாசர்கள் இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படும், அந்த பாரம் ஒரே வாசர்மேல் விழும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவர் கையில் இது சீக்கிரம் தேயும். தேய்ந்து மெலிந்து கடைசியில் கீழே சம்ப்பில் (இன்ஜினின் ஆயில் தொட்டி) விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கை அறுக்கும். பிறகு அந்த பிளாக் எடைக்குத்தான்.

சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்தி, ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். நகர்வது கண்ணுக்குத் தெரிந்தாலே சந்தேகம். டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடியிருந்தால் இன்ஜினை இறக்கத் தேவையில்லை. சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றி, பழைய வாசர்களைச் சுற்றி வெளியே தள்ளிப் புதியதை அதே வழியில் நுழைக்கலாம். ஓவர்சைஸிலும் வருகிறது. எண்ணெய்க் கோடு போட்ட முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். பழைய ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பேசுங்கள்.

கியர்பாக்ஸை எடுக்க வண்டிக்குக் கீழே போகவே வேண்டாம். முன் சீட்டையும் நடுவில் உள்ள மூடியையும் கழற்றினால் உள்ளிருந்தே தூக்கி, கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். சீட்டு ரெக்ஸினில் ஆயில் படாமல் பழைய போர்வை போட்டுக்கொள்ளுங்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் சீக்கிரம் இளகுகின்றன. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றியது வீண்போகவில்லை.

இவ்வளவு எதற்கு, மாருதி இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஹெரால்டுகள் பல அப்படி ஆகியும்விட்டன. எனக்கு இதில் இரண்டு மறுப்பு. கூடுதல் வேகத்தை அந்தப் பின் ஆக்சில் தாங்காது என்பது ஒன்று. இன்னொன்று, 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்து, நம்பரில் வி.ஏ. எழுத்து வாங்கலாம். அதற்கு சேசிஸ், பாடி, இன்ஜின் அசல் நிலையில் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

எல்லாம் பூட்டி அலைன்மென்ட் கடைக்குப் போனால், கம்ப்யூட்டர் லிஸ்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இல்லை. பையன் தலையைச் சொறிந்துவிட்டு ஏதாவது ஒரு சின்னக் காரைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பான். விடாதீர்கள். மேனுவலில் உள்ள அளவை எழுதிக் கொண்டுபோய்க் கையால் போடச் சொல்லுங்கள். நான் அதற்கு முன்பே வீட்டில் பின் சக்கரத்திலிருந்து முன்னால்வரை நூல் கட்டி, ஸ்கேல் வைத்து, இரண்டு பக்கமும் சமமாகக் கொண்டுவந்திருந்தேன். கடையில் டை ராடைக் கொஞ்சம்தான் திருப்ப வேண்டியிருந்தது. தட்டிக் கட்டிய பின் ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று இறங்கும் என்பதால் அதற்குப் பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், அப்போதே எல்லா நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிவிடலாம்.

டயர் காற்று விஷயத்தில் பெட்ரோல் பங்க் பையனோடு ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். நாலு டயருக்கும் ஒரே மாதிரி முப்பது என்று அடிக்க வருவான். ஹெரால்டுக்கு முன்னால் குறைவு, பின்னால் கூடுதல். அந்த வித்தியாசம் இருந்தால்தான் வளைவில் பின்பக்கம் அடங்கி இருக்கும். நான் இப்போது டிக்கியில் ஒரு கேஜும் கால்பம்ப்பும் வைத்திருக்கிறேன். அதே டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு கன் இருக்கிறது, உள்ளே இ.பி. 90, வெளியே பெரிய எழுத்தில் ‘ஆயில் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை முடிந்தபின் ஒருமுறை அடிக்கிறேன். அடித்த மறுநாள் முன் டயருக்குப் பக்கத்தில் தரையில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடக்கும். வீட்டில் திட்டு விழும், ஒரு அட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன்.